அசையாமல் மிதத்தல்

எனக்கு நீந்தத் தெரியாது என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்கு வயது ஐம்பத்துநான்கு. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு நீந்தவும் பழகியவள் நான். சொன்னவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அங்கே ஆறு பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் வரவேண்டும். பனங்காட்டுப் பெண் வந்து ஆற்றுக்காரிக்கு நீச்சல் சொல்லித் தருகிறாளாம். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

பாளையங்கோட்டையில் நாங்கள் போன நீச்சல் குளத்தில் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். முழங்கால் வலிக்கு மாத்திரை தின்று அலுத்து, டாக்டர் சொன்னார் என்று சேர்ந்தேன். தனியாகப் போகிற ஆள் இல்லை நான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் தங்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனேன். என்னைவிட நான்கு வயது இளையவள். சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறாள். நான் எங்கே கூப்பிட்டாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வருவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். வீட்டிலும் அதே குரல்தான் என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு நடந்தவள் உலகத்தில் என் தங்கை ஒருத்திதான்.

முதல் நாள் நான் குளத்தை இரண்டு தரம் சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பாராட்டுவாள் என்று நினைப்பு.

"தண்ணியில மூழ்காம இருக்கீங்க டீச்சர். அது வேற, நீச்சல் வேற" என்றாள் பயிற்சிக்காரப் பெண். "தலையைத் தூக்கிக்கிட்டே போறீங்க. தலை மேல வந்தா இடுப்பு கீழ போயிரும். பாதி பலம் அதுலயே வீணாப் போகுது."

நாங்கள் ஆற்றில் கற்ற நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். எதிரே என்ன மிதந்து வருகிறது, பாறை எங்கே, இழுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். பேசிக்கொண்டும் போகலாம். எங்கள் தெருப் பெண்கள் ஊர் வம்பு முழுவதையும் நடு ஆற்றில் வைத்துத்தான் பேசி முடிப்பார்கள். அம்மா ஒரு சட்டமும் வைத்திருந்தாள். கரையில் இருக்கிறவள் அடிக்கடி ஒரு சத்தம் கொடுக்கவேண்டும். தண்ணீரில் இருக்கிறவள் உடனே "ஓய்" என்று பதில் சத்தம் கொடுக்கவேண்டும். பதில் வராவிட்டால் கரையில் இருக்கிறவள் யோசிக்கக்கூடாது, குதிக்கவேண்டும். நானும் தங்கையும் "ஓய்" சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம்.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஒரு வலைப்பை இருந்தது. அதிலிருந்து அவள் எடுத்துப் போட்ட சாமான்களைப் பார்த்து, "இது என்னட்டி, பாத்திரக்கடையா?" என்று தங்கையின் காதில் சொன்னேன். முதலில் கைக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடு கொடுத்தாள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. நடுவிரலுக்கு மட்டும் ஒரு ரப்பர் வளையம், மணிக்கட்டில் கட்டு கிடையாது. கை தண்ணீரைச் சரியாகப் பிடித்து இழுத்தால் தண்ணீரே அந்தத் தகட்டை உள்ளங்கையோடு அழுத்தி வைத்துக்கொள்ளும். தப்பாக இழுத்தால் கழன்று போகும். என் வலக்கைத் தகடு ஒட்டிக்கொண்டு நின்றது. இடக்கைத் தகடு ஒவ்வொரு வீச்சுக்கும் கழன்று குளத்தின் அடிக்குப் போனது. நான்கு தரம் முங்கி எடுத்தேன். ஐந்தாவது தரம் எடுக்க மனசு வரவில்லை. ஐம்பது வருஷமாக என் இடக்கை தண்ணீரில் ஒரு வேலையும் செய்ததில்லை, வலக்கைக்குத் துணையாகக் கூட வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அன்றைக்கு அதைத்தான் அதிர்ச்சி என்று நினைத்தேன்.

அடுத்தது தக்கை. எட்டு என்ற எண்ணைப் போல நடுவில் ஒடுங்கியது. தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டால் காலும் இடுப்பும் தானாக மேலே மிதக்கும். காலை மறந்துவிட்டுக் கை வீச்சைத் திருத்தலாம். அதற்கு மேல் ஒரு மூச்சுக்குழாய். நெற்றிப் பட்டையில் நின்று, மூக்குக்கு நேரே மேலே போகும். மூக்குக்கு ஒரு கவ்வி. வாயில் குழாயைக் கடித்துக்கொண்டால் தலையைத் திருப்பவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். முகம் தண்ணீருக்குள் இருக்க, கண் கீழே பார்க்க, மூச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனையும் மாட்டிக்கொண்டு முதலில் செய்யவேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. 'அசையாமல் மிதத்தல்' என்று அதற்குப் பெயர். குப்புற, கை இரண்டையும் முன்னால் நீட்டி, பத்து எண்ணுகிற வரை அசையாமல் கிடக்கவேண்டும். உடம்பு எங்கே தாழ்கிறது, எங்கே இறுகுகிறது என்று அதில்தான் தெரியுமாம். "விரலை இறுக்காதீங்க, தளத்தி விடுங்க, தளத்தி விடுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு மூன்று எண்ணுவதற்குள் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும்.

தங்கைக்கு முதல் நாளே வந்துவிட்டது. பலகை மாதிரிக் கிடந்தாள். இரண்டாவது வாரம் இரண்டு கைத் தகடும் கழலாமல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாள். குழாயைத் துப்பிவிட்டு, "யக்கா, பாத்தியா?" என்று சிரித்தாள். எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன். அறுபது பேர் வகுப்பை ஒற்றைப் பார்வையில் அடக்குகிறவளை ஒரு பிளாஸ்டிக் துண்டு தோற்கடித்துவிட்டது. ஆனால் நான் சும்மா உட்காருகிற ரகம் இல்லை. கற்க முடியாவிட்டால் என்ன, கற்பிக்கலாமே. தங்கை மிதக்கும்போது எண்ணுவது, அவள் வீச்சைக் கைப்பேசியில் படம் பிடிப்பது, பயிற்சிக்காரப் பெண் சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்வது என்று எனக்கு நானே வேலை போட்டுக்கொண்டேன்.

"நீ தண்ணிக்குள்ளயும் கரும்பலகையைத் தூக்கிட்டு வந்துருவ" என்று தங்கை கேலி செய்தாள்.

அம்மாவின் சட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. முதல் வாரம் பழக்கதோஷத்தில் கரையிலிருந்து சத்தம் கொடுத்தேன். வாயில் குழாயோடு அவள் என்னவென்று பதில் சொல்வாள்? 'ஊ' என்று ஒரு சத்தம் குழாய் வழியாக வந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் சத்தம் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

பயிற்சிக்காரப் பெண் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "குழாய் போட்டு மிதக்கும்போது பக்கத்துல ஒரு ஆள் தண்ணிக்குள்ள நிக்கணும். கரையில இல்ல டீச்சர், தண்ணிக்குள்ள. கை எட்டுற தூரத்துல. இதெல்லாம் வீச்சைத் திருத்துற சாமான், உயிரைக் காப்பாத்துற சாமான் இல்ல." அவள் எப்போதும் மார்பளவுத் தண்ணீரில் தங்கைக்குப் பக்கத்தில் நிற்பாள். பனங்காட்டுப் பயம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏதோ இயந்திரம் பழுதென்று குளத்தை இரண்டு வாரம் மூடினார்கள். தங்கை அதற்குள் தனக்கென்று தகடு, தக்கை, குழாய் எல்லாம் வரவழைத்திருந்தாள். கை துருதுருவென்று இருந்தது அவளுக்கு. ஆற்றுக்குப் போவோம் என்று சொன்னது நான். சொன்னது நான்தான் என்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையை அவள் வீட்டிலேயே போட்டுவிட்டாள். இட்லி என் பையில் இருந்தது. தடுப்பணைக்கு மேல்பக்கம் தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கிற படித்துறை, நாங்கள் சின்னப் பிள்ளைகளாகக் குளித்த இடம். சற்றுத் தள்ளி ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

தங்கை பையைத் திறந்து இட்லி டப்பாவை எடுத்தாள். "யக்கா, ரெண்டே ரெண்டு தின்னுட்டு இறங்கட்டுமா?"

"கூழானாலும் குளித்துக் குடின்னு சும்மாவா சொல்லி வச்சிருக்கு? ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வந்து தின்னு பாரு, ரெண்டு கூடவே இறங்கும்" என்றேன். குளிக்காமல் சாப்பிடுவது எங்கள் வீட்டில் கிடையாது. அவள் மறுபேச்சில்லாமல் டப்பாவை மூடி வைத்தாள்.

நான் கடைசிப் படியில், பாதம் மட்டும் நனைய நின்றேன். தண்ணீருக்குள் நின்றால் படம் பிடிப்பது எப்படி? கைப்பேசி நனைந்துபோகுமே. அவள் எதிரே தெரிந்த பாறை வரை போய்த் திரும்பினாள். தகடு கழலவே இல்லை. கை வீச்சு குளத்தில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மூன்றாவது சுற்றில் திரும்பி வரும்போது கொஞ்சம் மெதுவாக வந்தாள். படியிலிருந்து பத்தடி தூரத்தில் வீச்சை நிறுத்தி, கையை முன்னால் நீட்டிக் கிடந்தாள். சரி, மிதக்கிறாள் என்று நான் எண்ண ஆரம்பித்தேன்.

பத்து ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. பத்துக்கு மேலும் கிடக்கிறாளே என்று எனக்குப் பெருமை. எண்ணிக்கொண்டே போனேன். நான் அதுவரை பார்த்ததிலேயே அழகான மிதப்பு அதுதான். தலை அசையவில்லை. தக்கை தொடையிடுக்கிலேயே இருந்தது, இடுப்பு துளிக்கூடத் தாழவில்லை. எத்தனை நாள் சொல்லியும் முழுதாகத் தளராத விரல்கள் அன்று அப்படித் தளர்ந்து கிடந்தன. ஒரு தகடு விரலிலிருந்து நழுவி அடிக்குப் போனது. குழாய் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"குழாயை நேரா வையிட்டி!" என்று கத்தினேன்.

துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "யம்மா, அந்த அக்கா ஏன் அசையாமக் கெடக்கா?"

"அது பயிற்சிம்மா. அசையாமத்தான் கெடக்கணும்" என்றேன். அவளுக்குப் பாடம் நடத்துகிற தோரணையில்தான் சொன்னேன். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"என்ன பயிற்சியோ. ஆத்துல பொணந்தான் இப்படிக் கெடக்கும்" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைக் கழுவும்மா" என்றேன். அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சேலையோடு தண்ணீரில் பாய்ந்தாள். நான் அப்போது நாற்பத்துமூன்று சொல்லியிருந்தேன்.

அவள் என் தங்கையின் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. குழாய் பல்லுக்கிடையில் அப்படியே இறுகியிருந்தது. கைப்பேசி எப்போது கையைவிட்டு விழுந்தது, நான் எப்போது குதித்தேன், எனக்குத் தெரியாது. இரண்டு பேருமாக இழுத்துப் படியில் போட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தவள் நான். படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. "ஏட்டி, ஏட்டி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்தான் குழாயைப் பிடுங்கி எறிந்து, அவளை ஒருக்களித்துப் போட்டு, முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். தங்கை தண்ணீர் கக்கினாள். ஒரு இருமல் வந்தது. அதற்குப் பிறகு வந்த மூச்சின் சத்தத்தை இன்றைக்கும் என்னால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணே ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். என் கைப்பேசியை எடுத்து என் மடியில் போட்டாள். அவள் ஏறவில்லை. பெயர்கூட நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்கள், சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று. மாத்திரை போட்டு, சாப்பிடாமல், மூன்று சுற்று நீந்தியிருக்கிறாள். மயக்கம் தண்ணீருக்குள் வைத்து வந்திருக்கிறது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் என்னிடம், "எவ்வளவு நேரம் கவுந்து கெடந்தாங்க?" என்று கேட்டார்.

"நாற்பத்துமூன்று."

"நிமிஷமா?" அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இல்ல, எண்ணிக்கை. செகண்டுன்னு வச்சுக்கலாம். ஆனா முதல் பத்து பயிற்சி. அதைக் கழிக்கணுமான்னு தெரியல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எப்படிம்மா இவ்வளவு கரெக்டாச் சொல்லுதீங்க?" என்றார். நான் கையிலிருந்த கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்தேன். குழாய் வாயிலேயே இருந்ததாலும் மூக்குக் கவ்வி கழலாததாலும் கொஞ்சம் காற்று போயிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது, எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள் என்றார். நான் நனைந்து நிற்பதைப் பார்த்து ஒரு நர்ஸ் போர்வை கொண்டு வந்தாள்.

தங்கையின் கணவர் கங்கைகொண்டானில் வேலை செய்கிறார். வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஈரத்துணியோடு நின்றவள் நான் ஒருத்திதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். "நீங்க மட்டும் குதிக்கலேன்னா என்ன ஆயிருக்கும் மைனி" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் அது உறவுக்காரர்கள் எல்லோரிடமும் போய்விட்டது. அக்கா குதித்தாள், தங்கை பிழைத்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூளைக்கு ஒன்றும் பழுதில்லை, நெஞ்சும் சுத்தம் என்றார்கள். பயிற்சிக்காரப் பெண் பார்க்க வந்தாள். தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பக்கத்துல தண்ணிக்குள்ள நின்னீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"நின்னேன்" என்றேன்.

அந்தப் பொய் என் வாயிலிருந்து அத்தனை சுலபமாக வந்தது. ஒரு விக்கல் இல்லை, தடங்கல் இல்லை. நான் யார் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அன்று மொட்டை மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியில் இருந்த படத்தை முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன். படத்தைவிடச் சத்தம்தான் தெளிவாக இருந்தது. என் குரல். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரல். பத்தொன்பது, இருபது, சாதனைதான் போ, இருபத்தொன்று. பாதியில் நிறுத்திவிட்டேன். அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அழிக்கவும் முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். சபைக்காரர்கள், தெருக்காரர்கள் என்று முன்னறை நிறைந்துவிட்டது. பாட்டும் ஜெபமும் முடிந்ததும் தங்கை சாட்சி சொல்ல எழுந்து நின்றாள். கூட்டத்துக்கு நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை அவள். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது. கை கால் எங்க இருக்குன்னு தெரியல. ஆனா எங்கக்கா சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தது. என்ன சொல்லுதான்னு தெரியல. விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் திரும்பி வந்தேன். கர்த்தர் எனக்கு இப்படி ஒரு அக்காவைக் கொடுத்ததுக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும். பக்கத்திலிருந்த சபைக்கார அம்மா ஒருத்தி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கேட்டது கூப்பிட்ட சத்தம் அல்ல. நான் எண்ணிய சத்தம். ஆண்டவர் பெயரைச் சொல்லி, சபைக்கு முன்னால், என் தங்கையை நான் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டேன். அவளுக்கு அது தெரியவும் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். என் இருதயம் அடிப்பது கூட எண்ணிக்கையாகவே கேட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று தோன்றியதால் நின்றுகொண்டே சொன்னேன். "குதிச்சது நான் இல்லட்டி. துணி துவைச்சுக்கிட்டிருந்த ஒரு பொம்பள. நான் படியில நின்னு படம் பிடிச்சுக்கிட்டிருந்தேன். இதுல எல்லாம் இருக்கு. நீ பாக்கணும்."

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படம் எனக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஒன்று, இரண்டு என்று என் குரல் தொடங்கியது. பத்து தாண்டியதும் அவள் புருவம் சுருங்கியது. "குழாயை நேரா வையிட்டி!" என்றது என் குரல். அந்தப் பெண் கேட்டாள். நான் பாடம் நடத்தினேன். பிணம் என்ற சொல் வந்தபோது தங்கையின் கை தானாக அவள் கழுத்துக்குப் போனது. வாயைக் கழுவும்மா என்றேன். நாற்பத்துமூன்று. பிறகு தண்ணீர் சத்தம், கைப்பேசி கல்லில் விழுகிற சத்தம், "ஏட்டி, ஏட்டி" என்று யாரோ தொண்டை கிழியக் கத்துகிற சத்தம்.

படம் முடிந்தது. திரும்ப முதலிலிருந்து போட்டாள். இரண்டாவது தடவையும் கடைசி வரை பார்த்தாள். திட்டுவாள், கைப்பேசியைத் தூக்கி எறிவாள், வெளியே போ என்பாள் என்று நான் காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்துவிட மாட்டாளா என்றும் இருந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐம்பது வருஷத்தில் நான் அவள் முகத்தில் அறியாத ஒரு பார்வை.

"இவ்வளவு நேரமும் என்னையவாக்கா பாத்துக்கிட்டு இருந்த?"

"ஆமாட்டி" என்றேன். "கண்ணைக்கூட எடுக்கல."